தூங்கும்போது கிளம்பிப் போகலாமா?

புதுவயல் வாசகர் ஒருவர் கேட்டது, நவம்பர் 12

மகளுக்குப் பெங்களூரில் வேலை. பேறுகால விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு எல்லாம் முடிந்துவிட்டது. பேரனுக்கு 16 மாதம். ஒரு வருஷம் எங்களிடம் விட்டுவைப்பதாக முடிவு. பொங்கலுக்கு முன் மகள் கிளம்புகிறாள். பிள்ளை தூங்கும்போது போய்விடு, விழித்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறாள் என் மனைவி. மகள் எதையோ படித்துவிட்டு, அப்படிப் போனால் அட்டாச்மென்ட், அதாவது பிள்ளைக்கு அவளிடம் உள்ள ஒட்டுதல், கெட்டுவிடும் என்கிறாள். என் கருத்து: நாமெல்லாம் செட்டிநாட்டு வளவில், பல குடும்பம் சேர்ந்திருந்த பெரிய வீட்டில், பத்து மடியில் வளர்ந்தவர்கள். இந்த வெள்ளைக்காரன் கோட்பாடு தனிக்குடித்தனக்காரர்களுக்கு. சரிதானே?

நவம்பர் 12, இரவு

பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல ஒரு ராத்திரி போதாது.

முதலில் மகள் பக்கம் பேசிவிடுகிறேன். தூங்கும்போது போகக் கூடாது. 16 மாதப் பிள்ளைக்கு வேலை, பெங்களூர் எல்லாம் புரியாதுதான். ஆனால் அம்மா படியிறங்கிப் போவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை வாசலைப் பார்த்து அழும். கண்விழித்தால் ஆளைக் காணோம் என்று ஆன பிள்ளை, அதற்கப்புறம் தூங்கவே பயப்படும். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மற்றது நாளைக்கு.

நவம்பர் 13, காலை

யார் சொன்ன கோட்பாடு என்று கண்டனூர் அண்ணன் கேட்கிறார். ஜான் பவுல்பி. 1907-இல் லண்டனில் பிறந்த மனநல மருத்துவர். உலகப்போர் முடிந்தபின் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை 1951-இல் வந்தது. அப்புறம் 1969, 1973, 1980 என்று மூன்று தடித்த பாகங்கள். ஒட்டுதல், பிரிவு, இழப்பு என்று பாகத்துக்கு ஒன்று. பிள்ளை தாயிடம் ஒட்டுவது பாலுக்காக என்றுதான் அதுவரை பெரும்பாலான மனோதத்துவக்காரர்கள் நினைத்திருந்தார்கள். பவுல்பி இல்லை என்றார். பயம் வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது பசியைப் போலவே கூடப் பிறந்த தேவை. அந்த ஆள் கிட்டத்தில் இருக்கிற தைரியத்தில்தான் பிள்ளை தள்ளிப்போய் விளையாடும் என்றார்.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்து 1958-இல் காட்டியதும் இதைத்தான். கம்பியில் செய்த தாயிடம் பால் உண்டு. துணி சுற்றிய தாயிடம் ஒன்றும் இல்லை. குட்டி கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தது. பாவம், அந்தக் குட்டிகளைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னமும் சங்கடம்தான்.

இதற்கெல்லாம் நம்மிடம் சொல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 'பிள்ளை அவளிடம் ஒட்டிக்கிடுச்சு' என்கிறோம். ஏழெட்டு மாதத்தில் புது ஆளைக் கண்டு அழுதால் 'வேற்றுமுகம் பார்க்குது'. தேடித் தேடிக் காய்ச்சல் வந்தால் 'ஏங்கிப் போச்சு'. அடுத்த பிள்ளை உண்டாகி முந்தியது மெலிந்தால் 'சவலை'. மேற்கு ஆப்பிரிக்காவின் கா மொழியில் குவாஷியார்க்கர் என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய சவலை என்றே பொருள், அடுத்த பிள்ளை வந்ததும் முந்திய பிள்ளைக்கு வரும் நோய். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் அந்தச் சொல்லை அப்படியே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். சவலையை யாரும் கொண்டுபோகவில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நவம்பர் 13, மதியம்

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். பவுல்பியே பெற்ற தாய் மடியில் வளர்ந்தவர் இல்லை. வசதியான வீடு, பிள்ளைகளை வளர்த்தது வேலைக்கு வைத்த செவிலிகள். தாயைப் பார்ப்பது மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம். அவரைத் தூக்கி வளர்த்த பெண் அவருக்கு நாலு வயது நெருங்கும்போது வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயை இழந்தது போல இருந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நவம்பர் 14

கண்டனூர் அண்ணனுக்குத் தனியே அனுப்பிய செய்தியில் தப்பு இருக்கிறது, இங்கேயே திருத்துகிறேன். பவுல்பி 1944-இல் திருட்டுப் பழக்கமுள்ள 44 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதில் 14 பேர் தாயைப் பிரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த 14 யார் மேலும் பாசமோ குற்ற உணர்வோ இல்லாத பிள்ளைகளின் கணக்கு. அவர்களில் 12 பேர் சின்ன வயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். வங்கியில் 31 வருஷம் கணக்கைக் கூட்டிப் பெருக்கியவனுக்கு இப்படி.

இன்னொன்று. பிள்ளைகளைப் பேட்டி கண்டவரும் அவரே, இது இன்ன வகை என்று முத்திரை குத்தியவரும் அவரே. அதனால் அந்த எண்களை நான் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன்.

நவம்பர் 15

இனி பத்து மடி.

வளவு என்றதும் எல்லாருக்கும் கண் கலங்கிவிடுகிறது. முகப்பு, பட்டாலை, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் இரட்டை வீடு, பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கல்யாணம் ஆனதும் மகனை வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, அடுப்பு தனி, கணக்கு தனி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது கூட்டுக் குடும்பம். உள்ளே இருந்த பிள்ளைக்கு எந்த அடுப்பு தன் அடுப்பு என்று தெரியும். பெரியம்மா அடுப்பில் பணியாரம் கிடைக்கும், ஆனால் இடி இடித்தால் ஓடியது அங்கே இல்லை.

அதற்காகப் புதுவயல்காரர் சொன்னது பொய்யும் இல்லை. கிளாஸ்கோவில் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் 60 குழந்தைகளை மாதாமாதம் வீட்டுக்கே போய்ப் பார்த்து 1964-இல் எழுதினார்கள். ஒன்றரை வயதில் ஒரே ஆளிடம் மட்டும் ஒட்டிய பிள்ளைகள் 13 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஐந்து பேரிடமோ அதற்கு மேலோ ஒட்டுதல். அதிக நேரம் கூட இருந்தவரிடமோ சோறு ஊட்டியவரிடமோதான் ஒட்டும் என்றும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு முகம் கொடுத்தவரிடம் ஒட்டியது. அப்பா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாராகவும் இருக்கலாம்.

நம் தாலாட்டைக் கவனியுங்கள். யார் அடித்து நீ அழுகிறாய் என்று கேட்டு, மாமனா, அத்தையா, பாட்டியா என்று ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக்கொண்டே போகும். அழுகிற பிள்ளைக்கு அது சொந்தக்காரர்களின் பட்டியல். ஆனால் பாடுகிறவள் ஒருத்தி. அது மாறுவதில்லை.

நவம்பர் 15, இரவு

'வெள்ளைக்காரன் கோட்பாடு' பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஒட்டுவதை வீடு வீடாகப் போய் முதலில் பார்த்தவர்களில் ஒருவர், பவுல்பியோடு வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வர்த். பார்த்த இடம் உகாண்டா. 1954-இல் கணவரோடு அங்கே போனவர், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களைப் பார்த்தார். அங்கேயும் பாட்டி, சித்தி, அண்டை வீடு எல்லாம் உண்டு. அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் பால்டிமோர்.

நவம்பர் 16

பால்டிமோரில் அவர் வைத்த பரிசோதனையைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு வயதுப் பிள்ளை, புது அறை, விளையாட்டுச் சாமான். அம்மா இருக்கிறாள், ஒரு புது ஆள் வருகிறாள், அம்மா வெளியே போகிறாள், திரும்பி வருகிறாள். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு மூன்று நிமிஷம் போல. பிள்ளை எவ்வளவு அழுதது என்பது அங்கே பெரிய விஷயம் இல்லை. அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதுதான் கணக்கு. ஓடிப்போய் ஏறிக்கொண்டு சீக்கிரம் ஆறிய பிள்ளைகள் மூன்றில் இரண்டு பங்கு போல. சில பிள்ளைகள் அம்மா வந்ததையே கவனிக்காதது போல பொம்மையைத் திருப்பிக்கொண்டிருந்தன. சில ஏறிக்கொண்டே உதைத்தன, ஆறவே இல்லை. எதிலும் சேராமல், அம்மாவைப் பார்த்ததும் உறைந்து நிற்கிற பிள்ளைகளுக்கு நாலாவது வகையைப் பிற்பாடு மேரி மெயினும் ஜூடித் சாலமனும் சேர்த்தார்கள்.

ஜப்பானில் இதைச் செய்தபோது மூன்றாவது வகை கூடுதலாக வந்தது. அங்கே பிள்ளையைத் தனியாக விடும் பழக்கமே குறைவு, அதனால் பரிசோதனையே அதுகளுக்குப் பெரிய கொடுமை. எட்டு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை 1988-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வித்தியாசம் கூடுதல் என்று தெரிந்தது.

நம் வளவில் வைத்திருந்தால் பரிசோதனை நாறிப்போயிருக்கும். அம்மா வெளியே போன மூன்று நிமிஷத்துக்குள் நாலு பேர் எட்டிப் பார்த்து 'ஏன் பிள்ளை அழுகுது' என்று கேட்டிருப்பார்கள். அந்தப் புது ஆளை உட்காரவைத்து, எந்த ஊர், எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம், இளையாத்தங்குடியா மாத்தூரா என்று விசாரித்து, பலகாரம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

நவம்பர் 19

சாப்பிடாத கதை.

அப்பச்சி, என் அப்பா, மலேசியாவில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தார்கள். எனக்கு மூன்று வயதில் ஆத்தாவும் அங்கே போனார்கள். என்னையும் ஆச்சியையும் அப்பத்தாவிடம் விட்டுப் போனார்கள். ஆச்சி என் கூடப் பிறந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஐம்பது வருஷமாக நான் எனக்கே சொல்லிவரும் கதை இது: ஆத்தா போனார்கள், நான் அழவில்லை, அதனால்தான் நான் இப்படி ஒட்டாத ஆள். கல்யாணமான புதிதில் மனைவி ஊருக்குப் போனால் ஒரு கடிதம் எழுத மாட்டேன். திரும்பி வந்தால் பேப்பரைவிட்டுத் தலையை எடுக்க மாட்டேன். பொம்மையைத் திருப்பிய பிள்ளை.

ஆனால் பவுல்பியின் செவிலியைப் பற்றிப் படித்தபோது நினைவுக்கு வந்தது ஆத்தா இல்லை. வீட்டில் வேலை பார்த்த அக்கா. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். அவள் இடுப்புதான் எனக்கு வீடு. கண்மாய்க்குத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்பு, அதைத் தடவிக்கொண்டுதான் தூங்குவேன். எனக்கு ஐந்து வயதில் அவளுக்குக் கல்யாணம். நான் தூங்கும்போது போய்விட்டாள். அழுததாக நினைவில்லை. 'நல்ல பிள்ளை, கேட்கவே இல்லை' என்று அப்பத்தா வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னது மட்டும் காதில் இருக்கிறது.

அவளுடைய பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. அக்கா, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் சாப்பிடவில்லை.

நவம்பர் 20

ஆத்தாவைக் குறை சொல்கிறாயா என்று ஒருவர் சீறியிருக்கிறார். சொல்லவில்லை. மூன்று வருஷக் கணக்குக்கு ஆணை பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்பிவிட்டு வீட்டைக் கட்டிக் காத்த பெண்களின் ஊர் இது. ஆத்தா கூடப் போனதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

இதில் தகப்பன்மாரையும் சேர்க்க வேண்டும். கொண்டு விற்கப் போனவர் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கப்பலேறுவார், திரும்பும்போது பிள்ளை ஓடி விளையாடும். எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், ரங்கூனிலிருந்து முதல் தடவை வந்தபோது அப்பச்சி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த மாமா எப்போது போவார் என்று கேட்டார்களாம். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஐயா சிரித்ததாக யாரும் சொன்னதில்லை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் கால்நடையாகத் திரும்பியவர்களில் ஐயாவும் ஒருவர். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. ஆனால் தகப்பனும் மகனும் கடைசிவரை சபையில் பேசுகிற மாதிரித்தான் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் 24

சுவீகாரம் போன பிள்ளைகளைப் பற்றித் தேவகோட்டையிலிருந்து கேள்வி. நம் பக்கம் பிள்ளை கூட்டுவது கைக்குழந்தையை எடுத்து வளர்ப்பது போல இல்லை. விவரம் தெரிந்த பையனைக் கூட்டுவார்கள், கல்யாணமான ஆளைக்கூடக் கூட்டியிருக்கிறார்கள். புள்ளி அழியக் கூடாது, கொள்ளி போட ஆள் வேண்டும், அதுதான் நோக்கம். மஞ்சள் நீர் கொடுத்துவிட்டால் மறுபடி பிறந்த மாதிரி. கவிஞர் கண்ணதாசனும் அப்படிப் போனவர்தான். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர், 7,000 ரூபாய்க்குச் சுவீகாரம் போன வீட்டில் நாராயணன்.

என் சின்னப்பச்சி, அதாவது சித்தப்பா, ஒருவர் ஒன்பது வயதில் போனார். புது வீட்டில் குறை ஒன்றும் இல்லை, நன்றாகவே வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டு விசேஷத்துக்கு வந்தால் மட்டும் பந்தியில் விருந்தாளியாக உட்காரவைப்பார்கள். பெற்ற தாய் பரிமாறும்போது 'வாங்க' என்று சொன்னதை, எழுபது வயதில் நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லி அழுதார். தாயை இழக்கவில்லை. கண் முன்னால்தான் இருந்தார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பவுல்பியின் மூன்று பாகத்திலும் தேடிவிட்டேன்.

டிசம்பர் 2

அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்று இன்னமும் நாலு பேர் எழுதுகிறீர்கள்.

பவுல்பியோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டரை வயதுக்குச் சற்றுக் குறைவான பெண்ணைப் படம் பிடித்து 1952-இல் காட்டினார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் பார்க்க வருவதற்கு ரொம்பக் கட்டுப்பாடு. பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை அழுகிறதே, எதற்கு வரவேண்டும் என்பது டாக்டர்கள் வாதம். ராபர்ட்சன் மூன்று கட்டம் சொன்னார். முதலில் ஆர்ப்பாட்டம். அப்புறம் சோர்வு. அப்புறம் பிள்ளை தெளிந்துவிட்டது போல இருக்கும், சாப்பிடும், நர்ஸைப் பார்த்துச் சிரிக்கும், தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நர்ஸுகள் இதைத்தான் 'பழகிவிட்டது' என்று குறித்துவைத்தார்கள். அது பழக்கம் இல்லை, பிள்ளை நம்பிக்கையைக் கைவிட்டது என்றார் ராபர்ட்சன். அந்தப் படத்தைக் காட்டியபோது மருத்துவர்கள் கூச்சல் போட்டார்கள். 1959-இல்தான் பெற்றோரைத் தடையில்லாமல் விடவேண்டும் என்று பிரிட்டனில் அரசுக் குழு பரிந்துரை செய்தது.

அம்மாவைக் கவனிக்காதது போலப் பொம்மையைத் திருப்பும் பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். முகம் சும்மா இருக்கும், துடிப்பு ஏறியிருக்கும். உள்ளே அழுகைதான்.

நம் பக்கம் தாய்மாரே பாசத்தை மறைக்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டே. தாய்க்கண் பட்டுவிடும், தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்காதே என்பார்கள். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்கப் பெண் தமிழ்க் குடும்பம் ஒன்றோடு இருந்து 1990-இல் எழுதியதில் இந்த அடக்கத்தைப் பற்றி நிறையச் சொல்கிறார். மறைத்தாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. தாய் மறைப்பதைப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும் என்பது மனைவி கட்சி. அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும், அவருக்கு என்னோடு 33 வருஷ அனுபவம்.

டிசம்பர் 3

சாவைப் பற்றிச் சின்னதாக. ஒரு வாசகி எழுதியது. அவருக்கு நாலு வயதில் அப்பா தவறிவிட்டார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பா சிங்கப்பூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்களாம். நம் ஊரில் இந்தப் பொய் எடுபடும், பாதிப் பேர் உண்மையிலேயே அங்கேதான். தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார் என்று எட்டு வயதுவரை காத்திருக்கிறார். அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சண்டையில் உடைத்துவிட்டது. அப்பா இறந்ததைவிட நாலு வருஷம் தன்னைச் சுற்றி எல்லாரும் நடித்தார்கள் என்பதுதான் ஆறவில்லை என்கிறார்.

குழந்தைக்குத் துக்கம் கொண்டாடத் தெரியாது என்று குழந்தை மனோதத்துவத்தில் பெயர்பெற்ற அன்னா ஃப்ராய்ட் போன்றவர்களே வாதாடியிருக்கிறார்கள். தெரியும் என்றார் பவுல்பி. நடுவீட்டில் ஒப்பாரி வைக்கிறோம், ஊரே கூடி அழுகிறது, பிள்ளையை மட்டும் அந்த இடத்திலிருந்து கிளப்பிவிடுகிறோம்.

டிசம்பர் 20

பிள்ளையார் நோன்பு வேலையில் இந்தப் பக்கம் வரமுடியவில்லை. வந்ததும் ஒரு பெரிய திருத்தம். நவம்பர் 19-இல் எழுதியது தப்பு.

நோன்புக்கு எல்லாரும் வளவில் கூடினோம். நோன்பின் இழை எடுக்கும் சடங்கு முடித்து, ஆச்சியோடு இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன், ஆத்தா போனப்ப நான் அழவே இல்லையே ஆச்சி என்று. ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருடா அழலை? பதினோரு நாள் காய்ச்சல். அப்பத்தா பிள்ளையார்பட்டிக்கு நேந்துக்கிட்டாக. ஆத்தா சேலை ஒண்ணை விடாம பிடிச்சுக்கிட்டு கிடந்தே, தொவைக்கக்கூட விடலை. அப்புறம் அந்த அக்காதான் உன்னைத் தேத்துனா."

அந்த அக்கா போனபோது?

"அப்பத்தான் நீ அழலை."

அப்புறம் சொன்னது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கல்யாணமாகிப் போன அக்கா இரண்டு தடவை என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். பின்கட்டு வாசலில் நின்றிருக்கிறாள். பிள்ளை இப்போதுதான் மறந்திருக்கிறான், நீ முகத்தைக் காட்டிக் கிளறிவிடாதே என்று அப்பத்தா பதமாகச் சொல்லி, கைநிறையப் பலகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் 2-இல் அந்த டாக்டர்களைத் திட்டி எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். அப்பத்தாவும் அதே கட்சி. கெட்ட எண்ணத்தில் இல்லை. என் மேல் உயிர் அவர்களுக்கு.

டிசம்பர் 20, இரவு

பெயரையும் கேட்டுக்கொண்டேன். இங்கே எழுதப் போவதில்லை.

டிசம்பர் 22

அப்படியானால் சின்ன வயதில் நடந்தது நடந்ததுதான், தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியதா என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர். இல்லை. ருமேனியாவில் அரசு விடுதிகளில் முறைக்கு முறை ஆள் மாறி வளர்ந்த 136 பிள்ளைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் நன்றாகத் தேறின, இரண்டு வயதுக்குள் போனவை இன்னும் நன்றாக. சீக்கிரம் நல்லது, ஆனால் அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிடுவதும் இல்லை.

பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. மேரி மெயின் பெரியவர்களை உட்காரவைத்து அவரவர் பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார். என்ன நடந்தது என்பதைவிட அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தார். 'எல்லாம் நல்லாத்தான் இருந்தது, ஒண்ணும் ஞாபகம் இல்லை' என்று இரண்டு வரியில் முடிப்பவர்கள் ஒரு வகை. கஷ்டமான பிள்ளைப் பருவம் இருந்தும் அதைக் கோவையாக, கூட்டாமல் குறைக்காமல் சொல்லத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக ஒட்டியிருந்தன.

நான் முதல் வகை. நவம்பர் 19-இல் எழுதியதே சாட்சி. என் மகள் சின்னதாக இருந்தபோது நான் ஆபீஸ் போனால் அழ மாட்டாள். பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஜனவரி 3

புதுவயல்காரரே, நாள் நெருங்குகிறது. மற்ற கதையை விடுங்கள்.

ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் பிற்பாடு தாயைச் சில நாள் பிரிந்த ஐந்து பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். ஜான், 17 மாதம், உங்கள் பேரன் வயதுதான். ஒன்பது நாள் காப்பகத்தில் இருந்தான். நர்ஸுகள் நல்லவர்கள்தான், ஆனால் முறை மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் போய்ப் போய் ஒட்டப் பார்த்து, கடைசியில் ஒடிந்துவிட்டான். தாய் வந்தபோது கிட்டப் போகவில்லை. ஜேன், அதே 17 மாதம், ஜாய்ஸ் வீட்டிலேயே இருந்தாள். ஒரே ஆள் பார்த்துக்கொண்டார், வீட்டிலிருந்து அவளுடைய பொருள்கள் வந்தன, அம்மா பேச்சு நிற்கவில்லை. வருத்தம் இருந்தது, ஆனால் தாங்கினாள்.

அதனால் உங்கள் வீட்டில் பத்து மடி இருக்கட்டும், ராத்திரிக்கு ஒரு மடியை நிச்சயம் பண்ணிவிடுங்கள். உங்கள் மனைவியோ நீங்களோ. இப்போதிருந்தே, மகள் இருக்கும்போதே, அந்த ஆள் குளிப்பாட்டித் தூங்கவைக்கட்டும். மகளுடைய சேலையோ நைட்டியோ ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துவிட்டுப் போகட்டும். துவைத்துவிடாதீர்கள், நாறினாலும். வீடியோ காலில் பார்த்தால் அழுகிறான் என்று அதை நிறுத்தாதீர்கள். அழுவதற்குத்தான் அது. மாதத்துக்கு ஒரு தடவையாவது மகள் வந்து போகட்டும், வரும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவள் உடைந்துபோவாள்.

ஒரு வருஷம் என்பது எனக்கு நீளமாகத்தான் படுகிறது. ஆறு மாதத்தில் அங்கேயே ஒரு வழி பார்க்க முடியுமா? உங்கள் வீட்டு நிலவரம் தெரியாமல் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

பெங்களூர் பஸ் ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்நேரம் பிள்ளை தூங்கியிருப்பான். எழுப்பிவிடுங்கள். விளக்கைப் போட்டு, முகம் கழுவி, மகள் தூக்கிவைத்துக்கொண்டு போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 9

எழுப்பினார்களாம். பஸ் திரும்பி மறைகிறவரை கத்தல், அப்புறம் தாத்தாவின் புதுச் சட்டை முழுக்க வாந்தி. ராத்திரி மூன்று தடவை முழிப்பு, வாசலைக் காட்டி 'மா'. காலையில் அரை இட்லி.

அவனைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள் புதுவயல்காரரே. மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?